அரிவாள் வெட்டும் மரத்த விரலும்: ஊசியும் மூலிகைச் சூடும் எவ்வளவு தூரம் உதவும்?

"நெல் அறுக்கும்போது இடது மணிக்கட்டில் அரிவாள் பட்டுவிட்டது. பக்கத்து ஊரில் தையல் போட்டோம். காயம் ஆறி இரண்டு மாதம் ஆகிறது. ஆனால், சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தே கிடக்கின்றன. எதைப் பிடித்தாலும் நழுவுகிறது. ஊசி குத்தி, மூலிகைச் சுருளைக் கொளுத்திச் சூடு காட்டும் சீன வைத்தியத்தில் நரம்பு மறுபடி வளரும் என்கிறார்கள். போகலாமா?"

டெல்டா மாவட்ட வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதிய கடிதம் இது. 'பயிருக்குப் பதில் சொல்கிறவரிடம் கைக்கு வைத்தியம் கேட்கிறார்களே' என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. நான் மருத்துவர் அல்ல. வேளாண்மைப் பட்டம் பெற்று, வேளாண்மைத் துறையில் பணிபுரிபவன். ஆனால், இந்தக் காயங்கள் நடக்கிற இடம் நம் வயல்தான். அறுவடை, களை எடுப்பு, கரும்பு வெட்டு, தீவனம் நறுக்குதல் என எல்லா வேலையிலும் கை, கால் நரம்புகள் அடிபடுகின்றன. காயம் ஆறியதும் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். விரல் மரத்துக் கிடப்பதை 'போகப் போகச் சரியாகும்' என்று விட்டுவிடுகிறோம். அதனால், மருத்துவ நூல்களில் உறுதியாகச் சொல்லப்பட்டிருக்கிற விஷயங்களை மட்டும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அந்த வாசகரின் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பு, நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நரம்பு நசுங்கியிருக்கிறதா, அறுந்திருக்கிறதா?

எது நரம்பு?

நம் பேச்சுவழக்கில் 'நரம்பு' என்ற ஒரே சொல்லில் மூன்று பொருள்களைச் சொல்கிறோம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய். விரலை மடக்கும்போது மணிக்கட்டில் கயிறுபோல இழுபடுவதையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். உண்மையான நரம்பு வெளியில் தெரியாது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோவதும், தொடுதல், சூடு, வலி ஆகியவற்றைத் தோலிலிருந்து மூளைக்குக் கொண்டுவருவதும் அதன் வேலை.

மூன்றும் மணிக்கட்டில் அடுத்தடுத்து ஓடுகின்றன. அரிவாள் ஆழமாக இறங்கினால் மூன்றுமே அறுபடலாம். ரத்தம் வந்தால் ரத்தக்குழாய், விரல் மடங்கவில்லை என்றால் தசைநாண், விரல் மரத்துப்போனால் நரம்பு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் நின்று தோல் கூடிவிட்டது என்பதால் உள்ளே இருக்கிற நரம்பும் கூடிவிட்டதாக ஆகாது.

மோட்டார் கேபிளும் மூன்று வகைச் சேதமும்

பம்ப்செட்டுக்குப் போகிற கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ரப்பர் உறை. உள்ளே பல செம்புக் கம்பிகள். நரம்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். வெளியே உறை, உள்ளே ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள். பிரிட்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடான், இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தில், 1943-ல் நரம்புச் சேதத்தை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள்.

முதல் வகையில் கேபிள் மேல் ஏதோ அழுத்தியிருக்கிறது. கம்பி அறவில்லை, மின்சாரம் மட்டும் போகவில்லை. அழுத்தம் விலகினால் சில நாள்களிலிருந்து இரண்டு, மூன்று மாதங்களுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

இரண்டாவது வகையில் உறை முழுதாக இருக்கிறது. உள்ளே கம்பிகள் அறுந்திருக்கின்றன. பலமாக நசுங்குவது, இழுபடுவது, எலும்பு முறிவு ஆகியவற்றால் இது நடக்கும். அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள இழைகள் அழிந்துவிடும். பிறகு, அடிபட்ட இடத்திலிருந்து புது இழைகள் முளைத்து, பழைய உறைக்குள்ளேயே வழி கண்டுபிடித்து வளரும். மெதுவாக என்றாலும் பெரும்பாலும் பலன் கிடைக்கும்.

மூன்றாவது வகையில் உறையும் கம்பியும் சேர்ந்து துண்டாகிவிட்டன. அரிவாள், கத்தி, கண்ணாடி, தீவனம் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றால் ஏற்படும் ஆழமான வெட்டுகளில் இதுதான் நடக்கும். இரண்டு முனைகளும் விலகிப் போய்விடும். மேல் முனையிலிருந்து இழைகள் முளைக்கத்தான் செய்யும். ஆனால், போக வழியில்லாமல் அங்கேயே சுருண்டு முடிச்சாகிவிடும். அந்த முடிச்சைத் தொட்டாலே சுரீர் என்று வலிக்கும். இதற்கு ஒரே வழி, அறுவை சிகிச்சை மூலம் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பதுதான். எந்த எண்ணெயும், எந்த ஊசியும், எந்தச் சூடும் துண்டான முனைகளைச் சேர்க்காது.

நாள் கணக்கு

தைத்த பிறகு, அல்லது நசுங்கிய பிறகு, நரம்பிழை எவ்வளவு வேகமாக வளரும்? சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர். தொடக்கத்தில் சில வாரங்கள் வளர்ச்சியே தெரியாது. வெட்டிய கரும்புக் கட்டை முளை காட்டும்வரை காத்திருப்பதுபோலத்தான்.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சுமார் 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விரல் நுனியில் உணர்வு வரக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். முழங்கைக்கு மேலே அறுந்திருந்தால், உள்ளங்கையில் இருக்கிற சிறு தசைகளுக்கு நரம்பு போய்ச் சேரவே ஒரு வருடம் ஆகிவிடும்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. நரம்பின் தொடர்பு அறுந்த தசை, காலத்துக்கும் காத்திருக்காது. நாளுக்கு நாள் சுருங்கும். ஒரு வருடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை வேலை செய்யாது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது பயிர் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? அதே கணக்குத்தான். ஆகவே, துண்டான நரம்பைத் தைக்காமல் ஒவ்வொரு சிகிச்சையாகச் செய்து பார்த்து ஆறு மாதத்தைக் கழித்துவிட்டால், அந்த ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது.

வெட்டுப்பட்ட அன்றே செய்ய வேண்டியவை

* ஓடும் சுத்தமான தண்ணீரில் காயத்தைக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் வைக்க வேண்டாம். கயிறு, கம்பியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

* தையல் போடும் முன்பே, மரத்துப்போக ஊசி போடும் முன்பே, ஒவ்வொரு விரல் நுனியையும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் மரத்திருந்தால் ஒரு நரம்பு; கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருந்தால் இன்னொரு நரம்பு. விரல்களை விரிக்க முடிகிறதா, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள்.

* மரத்திருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'விரலில் உணர்ச்சி இல்லை. நரம்பு அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்' என்று கேளுங்கள். தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாமலே போய்விடும்.

* கூர்மையான வெட்டில் நரம்பை உடனே, அல்லது சில நாள்களுக்குள் தைப்பதுதான் நல்லது. நாள் ஆக ஆக முனைகள் சுருங்கி விலகிவிடும். பிறகு, காலிலிருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து இடையில் ஒட்ட வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளில் இந்தச் சிகிச்சை கிடைக்கும். கை அறுவை சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற துறை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

குத்தவைத்து உட்காருவதால் வரும் பாதத் தொய்வு

வெட்டே படாமலும் நரம்பு அடிபடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், உருண்டையாக ஓர் எலும்பு கைக்குத் தட்டுப்படும். அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டுதான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது. அதன்மேல் தோலும் கொஞ்சம் சதையும்தான் மூடியிருக்கின்றன. களை எடுக்கும்போதும், வெங்காயம் பிடுங்கும்போதும், பூப்பறிக்கும்போதும் மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்தால், மடங்கிய முழங்காலில் அந்த நரம்பு நசுங்குகிறது. எழுந்து நின்றால் பாதம் தொங்கும், செருப்பு நழுவும், குதிகாலை ஊன்றி நடக்க முடியாது. மேலைநாடுகளில் ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு, அந்தப் பழத்தின் பெயராலேயே இந்தப் பாதிப்பைக் குறிப்பிடும் வழக்கம் இருக்கிறது. மெலிந்த உடம்புக்காரர்களுக்கும், சமீபத்தில் சட்டென்று எடை குறைந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

இது பெரும்பாலும் முதல் வகைச் சேதம். குத்தவைப்பதை நிறுத்தி, பாதம் தொங்காமல் தாங்கும் பட்டை அணிந்து, பயிற்சி செய்தால் பலருக்கும் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் சரியாகும். வராமல் தடுப்பது இன்னும் எளிது. ஒரே நிலையில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். தாழ்வான முக்காலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசை நடவு செய்த வயலில் கோனோவீடர் ஓட்டினால், நின்றபடியே களை எடுத்துவிடலாம். கூலிக்கு ஆள் வைக்கும் விவசாயிகள், தொழிலாளர்களுக்கு இடையிடையே எழுந்து நடக்க நேரம் கொடுங்கள்.

ஊசியும் மாக்ஸாவும்

இனி, வாசகர் கேட்ட சீன வைத்தியத்துக்கு வருவோம். நாம் அக்குபங்சர் என்று சொல்வதற்குச் சீன மொழியில் 'ஜென்ஜியூ' என்று பெயர். 'ஊசியும் சூடும்' என்று பொருள். இரண்டும் அங்கே ஒரே வைத்தியத்தின் இரு கைகள். 2010-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கொல்கத்தாவின் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938-ல் சீனாவுக்குச் சென்ற ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவரான அவர், பிறகு சீனாவில் இதைக் கற்றுவந்து 1959-ல் கொல்கத்தாவில் தொடங்கினார்.

ஊசி, தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். மருந்து எதுவும் உள்ளே செலுத்துவதில்லை. சில இடங்களில் ஊசியில் மெல்லிய மின்னோட்டமும் கொடுக்கிறார்கள். மாக்ஸா என்பது ஆர்டிமிசியா குடும்பத்துச் செடி ஒன்றின் காய்ந்த இலையிலிருந்து எடுக்கும் பஞ்சு. நம் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் தானாக வளரும் மாசிபத்திரி அதற்கு நெருங்கிய உறவு. மாலையில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் அதே இனம்தான். இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும் மென்மயிர்தான் பஞ்சாகிறது. சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் சீச்சுன் என்ற வட்டாரமே இந்தச் செடிக்குப் பெயர்பெற்றது. மூலிகைப் பேரகராதி எழுதிய லி ஷிசென் என்ற 16-ஆம் நூற்றாண்டு மருத்துவர் பிறந்த ஊரும் அதுதான். கோடையின் தொடக்கத்தில் இலையை அறுத்து, உலர்த்தி, நாள்பட வைத்து, இடித்துச் சலித்துப் பஞ்சாக்குகிறார்கள். பிறகு, சுருட்டுபோல உருட்டிவிடுகிறார்கள்.

சுருளைக் கொளுத்தி, தோலில் படாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் சூடு காட்டுவது ஒரு முறை. இஞ்சித் துண்டைத் தோலில் வைத்து அதன்மேல் பஞ்சு உருண்டையைக் கொளுத்துவது இன்னொரு முறை. பாதத் தொய்வுக்கு அவர்கள் ஊசி வைக்கும் முக்கியமான புள்ளி ஒன்று, நான் மேலே சொன்ன முழங்கால் வெளிப்பக்க எலும்புக்குச் சற்று முன்னால், கீழே இருக்கிறது. அதாவது, பாதிக்கப்பட்ட நரம்பு போகிற வழியிலேயே இருக்கிறது.

கன்ட்ரோல் பாத்தி இல்லாத மகசூல் கணக்கு

சரி, இதனால் நரம்பு வளருமா? நமக்குத் தெரிந்த ஒரு கதையோடு தொடங்குகிறேன். ஒரு டானிக்கைத் தெளித்துவிட்டு, 'மகசூல் கூடிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், செயல்விளக்கத் திடல் நடத்துகிற நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'தெளிக்காத பாத்தி எங்கே?' என்பதுதான். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருக்கலாம். மண்ணே வளமாக இருந்திருக்கலாம். தெளிக்காத பாத்தியை ஒப்பிடாமல் டானிக்குக்குப் பாராட்டுச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-ல் பணிக்குச் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போடும் முறையை வகுத்தார். பிறகுதான் மருத்துவ உலகம் அதை எடுத்துக்கொண்டது. அந்த முறையில் நடந்து 1948-ல் வெளியான காசநோய் மருந்து ஆய்வு புகழ்பெற்றது. ஆக, இந்தக் கேள்வி மருத்துவத்துக்கு வயலிலிருந்து போனது.

நரம்புக் காயத்திலும் இதே கேள்விதான். முதல் வகைச் சேதம் தானாகவே சரியாகும். திடீரென்று ஒரு பக்க முகம் கோணிப்போகும் முகவாதத்தில், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே பத்தில் ஏழு பேருக்கு முழுமையாகச் சரியாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் எதைச் செய்திருந்தாலும், சரியானதற்கு அதுதான் காரணம் என்று தோன்றும். ஊசிக்கும் இது பொருந்தும், எண்ணெய்க்கும் பொருந்தும், மாத்திரைக்கும் பொருந்தும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எலிகளின் தொடை நரம்பை நசுக்கி, மின் ஊசி அல்லது மாக்ஸா கொடுத்த ஆய்வுகள் சீனாவில் நிறைய நடந்திருக்கின்றன. அவற்றில் நரம்பு வளர்ச்சிக்கு உதவும் பொருள்கள் கூடியதாகவும், இழைகள் சற்று வேகமாக வளர்ந்ததாகவும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால், எலியின் கால் சில சென்டிமீட்டர்தான். மனிதக் கை அப்படியில்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முகவாதத்துக்கான அக்குபங்சர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, ஆய்வுகளின் தரம் போதவில்லை, முடிவு சொல்ல முடியாது என்றது. மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கான 2018 அறிக்கையோ, போலி ஊசியோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. நாள்பட்ட வலியைக் குறைப்பதில் அக்குபங்சருக்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது.

என் கணிப்பில் இந்த வைத்தியத்தின் இடம் இதுதான். நரம்பு துண்டாகவில்லை என்று உறுதியான பிறகு, அல்லது தைத்து முடித்த பிறகு, வலியைக் குறைக்கவும் பயிற்சியைத் தொடர்ந்து செய்யத் தெம்பு தரவும் துணையாக வைத்துக்கொள்ளலாம். அடியுரம் இடாமல் மேலுரத்தை மட்டும் நம்புகிற மாதிரி, அறுவை சிகிச்சைக்கு மாற்றாக இதை நம்பக் கூடாது.

மரத்த தோலில் நெருப்பு வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. மாக்ஸா சுருளைப் பிடிப்பவர், 'சூடு பொறுக்கவில்லை என்றால் சொல்லுங்கள்' என்பார். மரத்த விரல்காரர் என்ன சொல்வார்? தோல் வெந்து கொப்புளம் வரும்வரை சுகமாகவே இருக்கும். ரத்தமும் நரம்பும் சரியில்லாத இடத்தில் வெந்த புண் ஆறவும் நாளாகும். நீரிழிவு நோயாளிகளின் காலில் அது விரலை எடுக்கும் அளவுக்கும் போகலாம். வெந்நீர் ஒற்றடம், தவிட்டு ஒற்றடம், சூடான எண்ணெய்க்கட்டு எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் ஒன்று நம் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து குறைகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்பதால் அல்ல. நரம்பு செத்து வலி தெரியாததால், சூடான பாத்திரமும் கரடுமுரடான கைப்பிடியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைச் சிதைக்கின்றன என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைத்து, மறுபடி வேலை செய்ய வைத்தார். வலி என்பது காவலாளி என்பதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன செய்தி. காவலாளி இல்லாத வீட்டில் நாம்தான் கண் விழித்திருக்க வேண்டும். மரத்த கைக்காரர்கள் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கத் துணி பிடியுங்கள். மண்வெட்டிப் பிடிக்குத் துணி சுற்றுங்கள். படுக்கும் முன்பு கை, காலைத் திருப்பிப் பார்த்து, கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

காயமே படாமல் கையிலோ காலிலோ மரத்த திட்டு இருந்தால், எந்த வைத்தியத்துக்கும் போகும் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும். நரம்பு கெடும் முன்பு போவதுதான் முக்கியம்.

போவதாக இருந்தால்

* முதலில் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காயம் பட்டு மூன்று வாரம் கழித்துச் செய்தால்தான் தெளிவான விடை கிடைக்கும். எவ்வளவு சேதம் என்பதை இது காட்டும். நரம்பு துண்டாகியிருக்கிறதா என்று காயத்தின் தன்மையையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

* பதிவுபெற்ற மருத்துவரிடம் போங்கள். ஐந்தரை ஆண்டு யோகா, இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கான அரசுக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

* உங்கள் கண் முன்னால் உறை பிரித்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று பாருங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமி தொற்றும்.

* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பிசியோதெரபியை விடாதீர்கள். நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப் போயிருந்தால் பயனில்லை. தினமும் விரல்களை மற்றொரு கையால் மடக்கி நீட்டி விடுங்கள்.

* மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சியை அளக்கச் சொல்லுங்கள். நரம்பு போகும் வழியில் விரலால் தட்டினால், இழை வளர்ந்த இடம்வரை ஷாக் அடித்தாற்போலக் கூசும். பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல் 1915-ல் விளக்கிய சோதனை இது. அந்த இடம் மாதாமாதம் கீழே இறங்கினால் வளர்ச்சி இருக்கிறது. மூன்று மாதமாக அதே இடத்தில் நின்றால், அறுவை மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும்.

டெல்டா வாசகருக்கு என் பதில் இதுதான். உங்களுக்கு நடந்தது அரிவாள் வெட்டு; சுண்டுவிரல் நரம்பு துண்டாகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மாதம் போய்விட்டது. ஆனாலும் நேரம் இருக்கிறது. இந்த வாரமே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். நரம்பைச் சரிசெய்த பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஊசி வைத்துக்கொள்ளலாம். மரத்த விரல்களில் மாக்ஸா மட்டும் வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

பூச்சிமருந்து விஷம் ஏறி மருத்துவமனையில் இருந்து திரும்பிய என் தம்பிக்கு, இரண்டு வாரம் கழித்துக் கால் தளர்ந்துபோகிறது. இதுவும் நரம்பா?

இருக்கலாம். சில ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள், கடுமையான விஷத்துக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்துக் கால் நரம்புகளைப் பாதிக்கும். முதலில் கெண்டைக்காலில் குடைச்சல், எரிச்சல். பிறகு பாதம் தொங்கும். முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனைக்கே உடனே அழைத்துப்போங்கள். அடித்த மருந்தின் டப்பாவையோ, அதன் லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள்.

நடக்க முடியாத மாட்டுக்குச் சூடு போடலாமா?

வேண்டாம். தோலில் போடும் சூடு உள்ளிருக்கும் நரம்பைச் சரிசெய்யாது, புண்தான் மிஞ்சும். கடினத் தரையில் நெடுநேரம் ஒருபக்கமாகப் படுத்துக் கிடந்த மாட்டுக்கு முன்னங்கால் நரம்பு நசுங்கும். லாடம் கட்ட மாட்டைச் சாய்க்கும்போது, வைக்கோல் பரப்பிய தரையில் சாய்த்து, சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். கன்று ஈன்றதும் பசு எழவில்லை என்றால் நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம், கால்சியம் குறைவாகவும் இருக்கலாம். கால்சியம் குறைந்திருந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. 1962-ஐ அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். அவர் வரும்வரை பசுவை மிருதுவான படுக்கையில் நெஞ்சை ஊன்றிப் படுக்க வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள்.

மாக்ஸாவுக்காக மாசிபத்திரியைப் பயிர் செய்தால் லாபம் கிடைக்குமா?

மாக்ஸாவுக்குச் சீனாவில் பயன்படுத்துவது இதே இனத்தின் வேறொரு செடி. நம் ஊரில் இதற்கென்று நிலையான கொள்முதல் கிடையாது. எழுத்துபூர்வமான வாங்கும் ஒப்பந்தம் கையில் இல்லாமல், யாரோ சொன்னார்கள் என்று நாற்று வாங்கி ஏக்கர் கணக்கில் நட வேண்டாம். அதே இனத்தில் பயிர் செய்ய ஆசை என்றால், பூச்சந்தை பக்கத்தில் இருக்கிறவர்கள் மரிக்கொழுந்தைச் சிறிய அளவில் போட்டுப் பார்க்கலாம். அதற்குத் தினசரி சந்தை இருக்கிறது.

வெட்டுப்பட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. விரல்கள் மடங்கியே இருக்கின்றன. இனி எதுவும் செய்ய முடியாதா?

தசை மறுபடி உயிர்பெறும் காலம் தாண்டிவிட்டது. ஆனால், கதவு மூடிவிடவில்லை. வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் செய்ததுபோல, நன்றாக இயங்குகிற ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை நீட்டவும் பிடிக்கவும் வைக்கலாம். முதலில் இறுகிய மூட்டுகளைப் பிசியோதெரபியில் தளர்த்த வேண்டும். கை அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வருமா என்று அங்கேயே கேளுங்கள். போகும்போது குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.